விலை கூடிய இயர்போன் அன்றாடக் கேட்புக்குத் தேவைதானா?

தாம்பரம் பயணி:

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வருவது 600 ரூபாய்க்கு வாங்கிய கம்பி இயர்போன். சென்ற வாரம் வரை அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அலுவலகத்தில் பக்கத்து இருக்கை நண்பர், 24,000 ரூபாய் கொடுத்து வாங்கிய இயர்போனை மதிய உணவுக்குப் பிறகு என் காதில் மாட்டி, பள்ளிக் காலத்திலிருந்து நான் கேட்டு வரும் பாடல் ஒன்றை ஓடவிட்டார். சரணத்துக்கு முன் வரும் வயலின் கூட்டத்துக்கு அடியில் ஒரு கிட்டார் தன் போக்கில் நடந்துகொண்டிருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாக அந்தப் பாடலை அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறேனோ என்ற ஐயம் அன்று மாலையே தொற்றிக்கொண்டது.

என் கேட்பு முறையையும் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து கோடம்பாக்கம் வரை மின்சார ரயிலில் போக வர, நடைமேடையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து, நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். வீட்டில் எல்லோரும் உறங்கிய பின் ஒரு மணி நேரம். பாதி திரைப்பாடல், கால் பங்கு கச்சேரி, மீதி பேச்சு. கைப்பேசியில் கம்பி இயர்போனைச் செருகும் 3.5 மி.மீ. துளை இன்னும் இருக்கிறது. 24,000 ரூபாய் என்பது எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு குளிர்பதனப் பெட்டி என்பதால், மனைவியிடம் வாய் திறக்கும் முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

செவிச்செல்வம்:

தயங்காமல் வாங்குங்கள் என்பதே என் கருத்து. நான் ஆறு ஆண்டுகளுக்கு முன் 30,000 ரூபாய்க்கு வாங்கிய இயர்போன் இன்றும் என் மேசையில் இருக்கிறது. கம்பி இரண்டு முறை பழுதானது. இரண்டு முறையும் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு வேறு மாட்டினேன். ஆண்டுக்கு 5,000 என்று வகுத்துப் பார்த்தால் ஒரு நாளுக்கு 14 ரூபாய்க்கும் குறைவாக வருகிறது. தெருமுனைத் தேநீரின் விலை அது. இதே ஆறு ஆண்டுகளில் என் தம்பி 500 ரூபாய் இயர்போன்களை எத்தனை வாங்கி எறிந்திருப்பான் என்பதை அவனே எண்ணியிருக்கமாட்டான்.

நீங்கள் அன்று கேட்ட அந்தக் கிட்டார் மாயையன்று. மலிவான கருவிகளில் ஒன்றன்மேல் ஒன்று பூசப்பட்டதுபோல் ஒலிக்கும் வாத்தியங்கள், நல்ல கருவியில் தத்தம் இடத்தில் உட்கார்ந்து ஒலிக்கும். ஒருமுறை அதைக் கேட்டுவிட்ட காது பழைய நிலைக்குத் திரும்ப மறுக்கும்.

கலவை மேசை:

ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் உதவியாளனாக இருந்தவன் என்ற முறையில் ஒரு குறுக்குக் கேள்வி. பயணி ஐயா, அன்று இரண்டு இயர்போன்களும் ஒரே அளவு ஒலியில் இருந்தனவா?

இருந்திருக்க வாய்ப்பில்லை. ஒவ்வோர் இயர்போனுக்கும் உணர்திறன் வேறு. கைப்பேசியில் அதே ஒலி அளவை வைத்தாலும் ஒன்று மற்றதைவிடச் சில டெசிபல் உரக்கப் பாடும். ஒரே ஒரு டெசிபல் உயர்ந்தால்கூட நம் காது அதை 'உரக்கக் கேட்கிறது' என்று உணர்வதில்லை, 'தெளிவாகக் கேட்கிறது' என்றே உணர்கிறது. கூடத்தில் எங்கள் மூத்த பொறியாளர் புதிதாக வருபவர்களை இதை வைத்துத்தான் சோதிப்பார். ஒரே பாடல் கலவையை இருமுறை ஒலிக்கவிட்டு எது நன்றாக இருக்கிறது என்று கேட்பார். இரண்டாவதில் ஒலி உயரம் மிகச் சிறிதளவு கூட்டப்பட்டிருக்கும், வேறு எந்த மாற்றமும் இருக்காது. வந்தவர்கள் இரண்டாவதில் குரல் முன்னே வந்திருப்பதாகவும் வயலின் விரிந்திருப்பதாகவும் விரிவாக விளக்குவார்கள். நானும் முதல் நாளில் விளக்கினேன்.

இரண்டாவது, நீங்கள் அந்தக் கிட்டாரைத் தேடிக் கேட்டீர்கள். விலை உயர்ந்த பொருளை அணியும்போது நாம் கூர்ந்து கேட்கிறோம். இன்று இரவு உங்கள் 600 ரூபாய் இயர்போனில் அதே பாடலை, அதே இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அந்தக் கிட்டார் அங்கும் இருக்கிறதா என்று வந்து சொல்லுங்கள்.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் பற்றிப் பலரும் ஊகமாகப் பேசுகிறார்கள், அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் விடையை, அதாவது தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை எந்த ஒலி எவ்வளவு உரக்க வருகிறது என்பதை, அளந்து, அவற்றின் சில்லறை விலையோடு ஒப்பிட்டு, 2017இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். விலைக்கும் அதிர்வெண் விடைக்கும் இடையே அவர் தொடர்பு எதையும் காணவில்லை. விலையைப் பார்த்து ஒலி எப்படி இருக்கும் என்று சொல்வது, பாத்திரத்தின் பளபளப்பைப் பார்த்துச் சாம்பாரின் உப்பைச் சொல்வதற்கு ஒப்பானது.

செவிச்செல்வம்:

அந்த ஆய்வை நானும் அறிவேன். அதிர்வெண் விடை என்பது எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க வருகிறது என்ற ஒற்றை வரைகோடு. இடப்பக்கமும் வலப்பக்கமும் எவ்வளவு ஒத்திருக்கின்றன, உரக்க வைக்கும்போது ஒலி சிதைகிறதா, ஒரே பெயரில் விற்கும் பத்து இயர்போன்களும் ஒன்றுபோல் ஒலிக்கின்றனவா என்பவற்றை அந்தக் கோடு சொல்வதில்லை. பணம் அங்கேதான் போகிறது. என் கையிலிருப்பதில் ஒவ்வொரு காதுக்கும், ஒலியை எழுப்பும் உறுப்புகளான டிரைவர்கள் ஐந்து உள்ளன. அவற்றை ஒத்துப்போகும்படி பொருத்துவதற்கு மனித உழைப்பு வேண்டும்.

கலவை மேசை:

இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மிக மலிவான பொருள்களில் அது தவறுவதைக் கண்டிருக்கிறேன். டிரைவர் எண்ணிக்கையைத் தரத்தின் அளவுகோலாகச் சொல்வதை மட்டும் ஏற்க இயலாது. ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர் இருந்தால் எந்த அதிர்வெண் எதற்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்ப வேண்டும்; அந்தப் பிரிப்பு சரியாக அமையாவிட்டால் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பல்லக்கைச் சாய்த்துத் தூக்கிய கதையாகிவிடும். நன்றாக வடிவமைத்த, வழக்கமான டைனமிக் வகை டிரைவர் ஒன்றே முழுக் கச்சேரியையும் தாங்கும்.

பத்தாண்டுகளில் மாறியது ஒன்று உண்டு. நம் காதுக்குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழல். 3,000 ஹெர்ட்ஸ் அருகில் வரும் ஒலியை அதுவே இயற்கையாகப் பெரிதாக்கித் தருகிறது. இயர்போனைச் செருகினால் இந்த இயற்கையான பெருக்கம் குலைந்துபோகும் என்பதால், அதைக் கருவியே ஈடுசெய்ய வேண்டும். எவ்வளவு ஈடுசெய்தால் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்பதை ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவருடைய குழுவினரும் கேட்போரை வைத்துச் சோதித்து இலக்குக் கோடாக வெளியிட்டார்கள். அது வெளிவந்த பிறகு, மூன்டிராப் போன்ற சீன நிறுவனங்கள் அந்தக் கோட்டுக்கு நெருக்கமான இயர்போன்களை ஈராயிரம் ரூபாய் அளவிலேயே விற்கத் தொடங்கிவிட்டன. முன்பு பெரிய நிறுவனங்களின் ஆய்வகத்துக்குள் இருந்த சமையல் குறிப்பு இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது.

இடந்தலை:

மிருதங்கம் வாசிக்கும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? கச்சேரிக்கு முன் நாங்கள் இடந்தலையில், அதாவது தொப்பி என்று நாங்கள் அழைக்கும் இடப்பக்கத் தோலில், ரவையைப் பிசைந்து அப்புவோம். அந்த ரவைதான் அந்தப் பக்கத்துக்குக் கனத்தைத் தருகிறது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தித் தேய்த்தால் 'கும்' என்று எழுந்து மேலே வளையும் நாதத்துக்குக் கும்கி என்று பெயர். ஓர் இயர்போன் தேறுமா தேறாதா என்பதை நான் இந்த ஒரு நாதத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். கும்கி வளைவது கேட்க வேண்டும். 'டப்' என்ற தட்டல் மட்டும் கேட்டால் அது தேறவில்லை.

என் மாணவர் ஒருவர் 18,000 ரூபாய் இயர்போன் வாங்கி வந்து, கும்கியே கேட்கவில்லை, ஏமாந்துவிட்டேன் என்று வருந்தினார். வாங்கி என் காதில் வைத்தேன். எனக்கு அருமையாகக் கேட்டது. அவருடைய காதுத் துளை பெரியது. பெட்டியோடு வந்த நடுத்தர ரப்பர் முனை அவருக்கு அடைக்காமல் பக்கவாட்டில் இடைவெளி விட்டிருந்தது. அந்த இடைவெளி வழியாகத்தான் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி முழுவதும் வெளியேறிக்கொண்டிருந்தது. பெட்டியில் சீண்டப்படாமல் கிடந்த பெரிய முனையை மாட்டியதும் அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. 18,000 ரூபாயும் ஓர் அற்ப ரப்பர் துண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே பயணி அவர்கள் முதலில் தம் காதின் அளவை அறியட்டும். விலையைப் பிறகு பார்க்கலாம்.

ஒலிபுகா அறை:

இந்த இழையில் எல்லோரும் ஒலியின் தரத்தைப் பேசுகிறீர்கள். நாள் முழுவதும் ஒலிபுகா அறையில் பிறருடைய செவித்திறனை அளப்பது என் பணி என்பதால், எனக்குப் பயணியின் ரயில்தான் கண்ணில் படுகிறது.

உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த நெறிமுறையின்படி, வளர்ந்தவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒலி மூன்று டெசிபல் கூடும்தோறும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 90ஐத் தொட்டால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். திறந்த கதவும் சன்னலும் உள்ள மின்சார ரயிலில், சக்கர ஓசைக்கு மேல் பாடல் கேட்க வேண்டுமென்றால், சரியாக அடைக்காத இயர்போனை அணிந்தவர் 90 டெசிபலுக்கு அருகில் போவது மிக எளிது. பயணி நாளொன்றுக்கு ஒன்றரை மணி வீதம் ஆறு நாள் போகிறார் என்றால் வாரத்துக்கு 9 மணி நேரம். அவருடைய ஒதுக்கீடு புதன்கிழமையே தீர்ந்துவிடுகிறது.

இரைச்சலால் வரும் பழுது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகில்தான் முதலில் தெரியும். செவித்திறனை அளந்து வரையும் கோட்டில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். பணியிடத்தில் அந்தப் பள்ளத்தை இருபத்தைந்து வயதுக்காரர்களின் தாளிலும் பார்க்கிறேன். அவர்களுக்கு வலி இராது. ஆகவே தாமாக உணர்வதில்லை. செவிச்செல்வம் அவர்கள் போற்றும் வாத்தியத் தெளிவுக்கு மிகவும் வேண்டிய பகுதி அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெட்டியின்மேல் 'ஹை-ரெஸ்' (உயர் துல்லிய ஒலி) என்ற பொன்னிற வில்லை ஒட்டி 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்று விற்கிறார்கள். மனிதக் காதின் உச்சவரம்பு 20,000 என்பது பாடப்புத்தகக் கணக்கு. நடுத்தர வயதில் பலருக்கு 15,000க்கு மேல் எதுவும் கேட்பதில்லை. மேலே உள்ள மிச்சத்தை வௌவாலுக்கு விட்டுவிடலாம்.

எனவே ரயிலுக்கென்று பணம் செலவழிப்பதானால், வெளியோசையைத் தடுப்பதற்குச் செலவழியுங்கள். வெளியோசை குறைந்தால் ஒலியளவு தானாகக் குறையும். எட்டிமோடிக் நிறுவனம் 1991இல் கொண்டுவந்த ஈ.ஆர்.4 வகை, மூன்று விளிம்புள்ள முனையைக் காதுக்குள் ஆழமாகச் செருகுவதன் மூலமே 35 டெசிபலுக்கு மேல் தடுப்பதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு மின்கலமோ மின்னணுவோ வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவ்வளவு ஆழம் எல்லோருக்கும் ஒத்துவராது. நுரைப்பஞ்சு முனை பலருக்கு நடுவழியாக அமைகிறது. மின்னணு முறையில் இரைச்சலை நீக்கும் இயர்பட்ஸ், சக்கர உறுமல், மின்விசிறி போன்ற தாழ்ந்த ஓசைகளை நன்றாக அழிக்கும். பக்கத்தில் இருப்பவர் கைப்பேசியில் போடும் சண்டையை அவ்வளவாக அழிக்காது.

சிந்தாதிரிப்பேட்டைவாசி:

இரைச்சல் நீக்கும் இயர்பட்ஸ் பற்றி ஒரு முன்னெச்சரிக்கை. 15,000 ரூபாய்க்கு வாங்கியது, மூன்றாம் ஆண்டில் வலப்பக்கம் 40 நிமிடத்தில் உயிரை விட்டது. அந்தச் சிறு மின்கலத்தை மாற்றித் தர இயலாது, புதிதாக ஒரு பக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சேவை மையத்தில் சொன்ன விலைக்கு, நல்ல கம்பி இயர்போன் இரண்டு வாங்கலாம். கம்பியில்லாத கருவி எதுவாக இருந்தாலும் அதன் ஆயுள் உள்ளே இருக்கும் மின்கலத்தின் ஆயுள்தான். செவிச்செல்வம் போட்ட 14 ரூபாய்க் கணக்கு கம்பிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஓடாதீர்கள். நான் ஓடினேன். பெட்டி, ஒட்டுவில்லை, எண் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. இடப்பக்கத்தில் வலப்பக்கத்து ஒலி வந்தது.

ஒரு பக்கம் ஒலி குறைந்தால் உடனே குப்பையில் போடவும் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் காதுக் குறும்பியும் சேர்ந்து, இயர்போனின் மூக்கு நுனியில் உள்ள சல்லடை அடைத்துக்கொள்ளும். ரப்பர் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் துளைகளில் மெழுகுபோல் படிந்திருப்பது தெரியும். மென்மையான பல்துலக்கியால், சல்லடை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தட்டி, காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு ஓர் இரவு டப்பாவில் மூடி வைத்தேன். காலையில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தன.

செவிச்செல்வம்:

ஒலிபுகா அறை அவர்களுடைய கணக்குக்குப் பிறகு நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் 30,000 ரூபாய் இயர்போனை நான் பேருந்தில் அணிந்ததே இல்லை. தொலைந்துவிடும் என்ற அச்சம் ஒரு காரணம்; அணிந்தாலும் வித்தியாசம் தெரியாது என்பது மற்றொன்று. பேருந்துக்கு 1,800 ரூபாயில் ஒன்று வைத்திருக்கிறேன். என் நேர்மையான கணக்கு அந்த 1,800ஐயும் சேர்த்துத்தான் இருந்திருக்க வேண்டும்.

இருந்தாலும், இரவு பத்து மணிக்கு மேல், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஓர் ஆலாபனையைக் கேட்கும்போது குரலுக்குப் பின்னால் தம்புரா விரிந்து கிடப்பதை அந்தக் கருவி எனக்குக் காட்டுகிறது. 1,800 ரூபாய்க் கருவி அதைக் காட்டவில்லையா என்று கேட்டால், காட்டுகிறது. சற்றுத் தேட வேண்டியிருக்கிறது. அந்தச் சற்றுக்காக 28,000 ரூபாய் கொடுத்தேன். எனக்கு வருத்தமில்லை. அதை அன்றாடக் கேட்பு என்று சொன்னதுதான் தவறு.

கலவை மேசை:

இதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. இயர்போனுக்கு 8,000 ரூபாய் வெள்ளிக் கம்பி மாட்டினால் ஒலி மேம்படும் என்று நீங்கள் எழுதத் தொடங்கும் வரை.

தாம்பரம் பயணி:

மூன்று வாரங்களுக்குப் பிறகு வருகிறேன், தாமதத்துக்குப் பொறுத்தருள்க.

முதலில், அந்தக் கிட்டார் என் பழைய 600 ரூபாய் இயர்போனிலும் இருந்தது. மங்கலாக, வயலினுக்கு அடியில் பதுங்கி, ஆனால் ஐயமற இருந்தது. இருபது ஆண்டுகளாக நான்தான் கேட்கவில்லை. நண்பரிடம் மீண்டும் அந்த 24,000 ரூபாய்க் கருவியை வாங்கி, ஒலியளவை இரண்டு படி குறைத்துக் கேட்டபோது அன்றைய வியப்பில் பாதி காணாமல் போயிற்று. மீதிப் பாதி இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

1,900 ரூபாய்க்குக் கழற்றி மாட்டும் கம்பியுள்ள இயர்போன் ஒன்றும், தனியாக 450 ரூபாய்க்கு நுரைப்பஞ்சு முனைகளும் வாங்கினேன். பஞ்சை விரலால் உருட்டிச் சிறிதாக்கி, காதில் வைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்பது தெரியாமல் முதல் இரண்டு நாள் நெல்லைக் குத்துவதுபோல் குத்திக்கொண்டிருந்தேன். இப்போது வந்துவிட்டது. ரயிலில் முன்பு 15 படிகளில் 13இல் வைத்த ஒலியளவை இப்போது 8இல் வைக்கிறேன். இடந்தலை அவர்கள் சொன்ன கும்கி பல்லாவரம் தாண்டும் இரைச்சலிலும் வளைந்து கேட்டது.

ஒரு பக்கவிளைவும் உண்டு. மாம்பலம் நடைமேடையின் கூச்சல்தான் இத்தனை ஆண்டுகளாக எனக்கு 'அடுத்தது கோடம்பாக்கம்' என்று சொல்லி எழுப்பும் மணி என்பது எனக்கே தெரிந்திருக்கவில்லை. முதல் வாரத்தில் இரண்டு முறை நுங்கம்பாக்கத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். இப்போது சைதாப்பேட்டையில் ஒரு பக்கத்தைக் கழற்றிவிடுகிறேன்.

இடந்தலை:

மகிழ்ச்சி. நுரைப்பஞ்சு முனையில் எந்த அளவு எடுத்தீர்கள்? என் மாணவர்கள் கேட்கிறார்கள்.

தாம்பரம் பயணி:

வலக் காதுக்கு நடுத்தரம், இடக் காதுக்குச் சிறியது. இரண்டு காதும் ஒரே அளவில்லை என்பது நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. ஒரே பொட்டலத்தில் மூன்று அளவும் கலந்து வருவதை வாங்கச் சொல்லுங்கள்.